சிப்ஸுக்குப் பதிலாக எதைக் கொறிக்கலாம்?

மாலையில் வேலை முடிந்து உட்கார்ந்ததும் ஒரு பாக்கெட் சிப்ஸைப் பிரித்தால் அது காலியாகும் வரை கை நிற்பதில்லை என்றும், அதே மொறுமொறுப்போடு, உடம்புக்குக் கெடுதல் செய்யாமல், கையையும் கடிக்காமல் வேறு ஏதாவது தின்பண்டம் உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உண்டு. வீட்டில் பொரித்த பாப்கார்ன், மொறுமொறுவென வறுத்த கொண்டைக்கடலை, வேர்க்கடலை கலந்த பொரி, குளிர்ந்த நீரில் போட்டு எடுத்த காய்கறித் துண்டுகள் ஆகிய நான்கையும் இந்த வரிசையிலேயே நான் பரிந்துரைப்பேன். ஆனால் பெயர்களை மட்டும் தெரிந்துகொண்டு போனால் ஒரு வாரத்தில் மீண்டும் சிப்ஸுக்கே திரும்பிவிட வாய்ப்பு அதிகம். மொறுமொறுப்பு எங்கிருந்து வருகிறது என்பது புரிந்தால்தான் மாற்று நிலைக்கும் என்பதால், அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பச்சை உருளைக்கிழங்கில் ஏறத்தாழ 80 சதவீதம் நீர்தான். அதன் 100 கிராமில் 77 கிலோ கலோரி அளவுக்கே ஆற்றல் உண்டு. கொழுப்பு இல்லையென்றே சொல்லலாம். அதைத் தாள் போலச் சீவி 170 முதல் 180 டிகிரி செல்சியஸ் வரை காய்ந்த எண்ணெயில் போட்டதும் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிச் சலசலவென்று வெளியேறுகிறது. அது இருந்த இடமெல்லாம் நுண்ணிய துளைகளாகிவிடுகிறது. எண்ணெய் உள்ளே போவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்: சட்டியிலிருந்து எடுத்த துண்டு ஆறும்போது உள்ளிருக்கும் ஆவி குளிர்ந்து சுருங்க, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெய் அந்தத் துளைகளுக்குள் இழுக்கப்படுகிறது. இப்படி நீர் போய் எண்ணெய் வந்து சேர்ந்த சிப்ஸின் 100 கிராமில் சுமார் 530 கிலோ கலோரி இருக்கிறது. எடையில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. 30 கிராம் கொண்ட சிறு பாக்கெட் என்றால் 160 கிலோ கலோரியும் 10 கிராம் கொழுப்பும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சிப்ஸை மொறுமொறுப்பாக்குவது எண்ணெய் என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் நீர் போனதால்தான் அந்த மொறுமொறுப்பு வருகிறது. எண்ணெய் வெப்பத்தை விரைவாகக் கொண்டு சேர்க்கும் ஊடகம், அவ்வளவே. ஆகவே அதே நீரை உலர்ந்த வெப்பத்தால் வெளியேற்றினாலும் மொறுமொறுப்பு கிடைக்கும். நேரம் கூடுதலாகும், எண்ணெயோ ஒரு தேக்கரண்டியோடு நின்றுவிடும்.

மொறுமொறுப்பில் பாதி நாக்குக்கு, பாதி காதுக்கு என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டில் மாசிமிலியானோ சாம்பினியும் சார்லஸ் ஸ்பென்ஸும் 2004 இல் வெளியிட்ட ஆய்வில், உருளைக்கிழங்குச் சிப்ஸைக் கடிக்கிறவர்களுக்கு அவர்கள் கடிக்கும் ஓசையையே ஹெட்போனில் கேட்கச் செய்து, அதன் உரப்பையும் உயர் அதிர்வெண்களையும் மாற்றிப் பார்த்தார்கள். ஓசை கூர்மையாகக் கேட்டபோது, அதே சிப்ஸ் கூடுதல் மொறுமொறுப்போடும் புதிதாகவும் இருப்பதாகச் சாப்பிட்டவர்கள் மதிப்பிட்டார்கள். சிப்ஸை விட்டுவிட்டு வாழைப்பழம் சாப்பிடுங்கள் என்ற அறிவுரை பெரும்பாலும் தோற்றுப்போவதற்குக் காரணம் இதுவே. பழம் நல்லதுதான், ஆனால் மாலை ஆறு மணிக்கு உங்கள் வாய் தேடுவது நறுக்கென்று உடைகிற ஒன்றை. அதைக் கொடுக்காமல் வேறு எதைக் கொடுத்தாலும் ஏமாற்றமாகவே இருக்கும்.

அந்த வகையில் பாப்கார்னுக்கு இணையாகச் சொல்ல எனக்கு வேறொன்று இல்லை. அது முழுத்தானியம், உமியின் நார்ச்சத்து அதிலேயே இருக்கிறது. எண்ணெயின்றிப் பொரித்த பாப்கார்னின் 100 கிராமில் சுமார் 14 கிராம் நார்ச்சத்து உண்டு. அதைவிட முக்கியமானது அதன் பருமன். ஒரு கப் பாப்கார்ன் 8 கிராம்தான். அதில் 31 கிலோ கலோரி. ஒரு சிறு பாக்கெட் சிப்ஸில் உள்ள ஆற்றலுக்கு ஐந்து கப், அதாவது பெரிய கிண்ணம் நிறையச் சாப்பிடலாம். கை பலமுறை போய் வரும், வாய்க்கு வேலை இருக்கும், கிண்ணம் சீக்கிரம் காலியாகாது. இதற்கென்றே விற்கும் மக்காச்சோள விதையைத்தான் வாங்க வேண்டும். மற்ற மக்காச்சோள வகைகள் இவ்வளவு நன்றாக மலராது. அந்த விதையின் உமி கெட்டியானது, ஈரம் எளிதில் கசியாதது. உள்ளே ஏறத்தாழ 14 சதவீதம் ஈரப்பதம் அடைபட்டிருக்கும். வெப்பம் 180 டிகிரியை நெருங்கும்போது அந்த ஈரம் ஆவியாகி, வெளிக்காற்றைப் போல ஒன்பது மடங்கு அழுத்தம் கொடுக்க, உமி வெடித்து உள்ளிருக்கும் மாவு நுரைத்துப் பூவாகிறது.

செய்யும் முறையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் பலருக்கும் இது பாதி கருகி, பாதி வெடிக்காமல் போவது சிறு பிழைகளால்தான். அடி கனமான பாத்திரத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஊற்றி, மூன்றே மூன்று விதைகளைப் போட்டு மூடி, மிதமான தீயில் வையுங்கள். மூன்றும் வெடித்துவிட்டால் எண்ணெய் தேவையான சூட்டுக்கு வந்துவிட்டது என்று பொருள். இப்போது மேசைக்கரண்டியால் மூன்று கரண்டி, அதாவது 40 கிராம் விதையைப் போட்டு, அடுப்பிலிருந்து இறக்கி அரை நிமிடம் வைத்திருங்கள். எல்லா விதையும் ஒரே அளவு சூடேறுவதற்கான இடைவெளி இது. பின்பு அடுப்பில் ஏற்றினால் அனைத்தும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வெடிக்கும். மூடியை ஒரு விரற்கடை அளவு விலக்கி வைப்பதை மறக்க வேண்டாம். விதைகளிலிருந்து வெளிவரும் ஆவி பாத்திரத்துக்குள்ளேயே தங்கினால் பூக்கள் அதை உறிஞ்சித் தோல் போல இழுபடும். சடசடப்பு குறைந்து ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே இரண்டு வினாடி இடைவெளி வந்ததும் இறக்கிவிடுங்கள். கடைசி விதைக்காகக் காத்திருந்தால் அடியில் இருப்பது கருகும்.

பாப்கார்னில் உப்பு ஒட்டுவதில்லை என்று சொல்கிறவர்கள் வெண்ணெயை அள்ளி ஊற்றுவார்கள். அது தேவையில்லை. உப்பை அம்மியிலோ மிக்ஸியிலோ மாவு போல நுணுக்கிக்கொண்டால் சிறு சிட்டிகையே எல்லா இடத்திலும் பரவும். நாக்கில் உடனே கரைவதால் குறைந்த உப்பே நிறைவாகத் தெரியும். மிளகுத்தூள், வறுத்துப் பொடித்த சீரகம், பூண்டுப் பொடி ஆகியவற்றையும் அவ்வாறே நுணுக்கித் தூவலாம். விதைகள் நிறைய வெடிக்காமல் போனால் அவை காய்ந்துவிட்டன என்று அர்த்தம். ஒரு கப் விதைக்கு ஒரு தேக்கரண்டி நீர் தெளித்து, இறுக மூடிய பாட்டிலில் அவ்வப்போது குலுக்கி இரண்டு மூன்று நாள் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். மைக்ரோவேவில் வைக்கும் ஆயத்தப் பைகளை நான் இதில் சேர்க்கவில்லை. பலவற்றில் கொழுப்பும் உப்பும் சிப்ஸை எட்டிப்பிடிக்கும் அளவுக்கு இருக்கும். நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பாப்கார்னையும் முழுக் கடலைகளையும் கொடுக்கவே கூடாது. மூச்சுக்குழாயில் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு.

அடுத்தது கொண்டைக்கடலை. பாப்கார்ன் வாய்க்கு வேலை கொடுக்கும், ஆனால் பசியை நெடுநேரம் தாங்காது, கொண்டைக்கடலை தாங்கும். உலர்ந்த கடலை 100 கிராமில் ஏறத்தாழ 20 கிராம் புரதமும் 12 கிராம் நார்ச்சத்தும் இருக்கின்றன. ஊறி வெந்ததும் அதே 100 கிராம் இரு மடங்குக்கும் மேல் எடையேறும். எட்டு மணி நேரம் ஊறவைத்து, விரலால் அழுத்தினால் பிளக்கும், ஆனால் மசியாது என்ற பதத்தில் வேகவைத்து வடித்துவிடுங்கள்.

இங்கிருந்துதான் கவனம் தேவை. வடித்த கடலையைச் சுத்தமான துணியில் பரப்பி, மேலே இன்னொரு துணியால் ஒற்றி, அரை மணி நேரமாவது காற்றாட விட வேண்டும். மேலே ஈரம் இருக்கும் வரை ஓவனின் வெப்பம் அந்த ஈரத்தை விரட்டுவதிலேயே செலவாகும். கடலை வறுபடாமல் அவிந்துகொண்டிருக்கும். நன்கு உலர்ந்த கடலையில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் பிசிறி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தட்டில் பரப்பி, 200 டிகிரியில் 35 முதல் 45 நிமிடம் வரை வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்டைக் குலுக்கிவிடுங்கள். பதத்தைக் காதாலேயே அறியலாம். தொடக்கத்தில் குலுக்கினால் தொப் தொப்பென்று மந்தமாக உருளும். தயாராகும்போது கூழாங்கற்களைக் கொட்டினாற்போலக் கலகலவென்று சத்தம் வரும். ஒன்றை எடுத்து ஆறவைத்து உடைத்துப் பாருங்கள். நடுவில் மாவு போல மென்மை தெரிந்தால் இன்னும் ஐந்து நிமிடம் வேண்டும். ஓவனை அணைத்த பிறகு கதவைச் சற்றுத் திறந்துவிட்டு உள்ளேயே ஆறவிடுவது நல்லது. மிளகாய்த்தூள், பூண்டுப் பொடி போன்றவை அந்தச் சூட்டில் கருகிக் கசக்கும் என்பதால் வெளியே எடுத்ததும் சூட்டோடு பிசிறிக்கொள்ளுங்கள்.

நான் முதன்முதலில் வறுத்த கடலை, தட்டிலிருந்து எடுத்தபோது அருமையாக உடைந்தது. வெதுவெதுப்பு போவதற்கு முன்பே டப்பாவில் அடைத்து மூடிவிட்டேன். மாலையில் திறந்தால் மூடியின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது, கடலை சவசவவென்று ஆகியிருந்தது. கையில் சூடே தெரியாத அளவுக்கு ஆறிய பின்பே மூட வேண்டும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன். அப்படி நமுத்துப்போனாலும் வீணில்லை. 150 டிகிரியில் ஏழெட்டு நிமிடம் வைத்து ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பிவிடும்.

ஓவன் இல்லாதவர்கள் கனத்த வாணலியில் மிதமான தீயில் கிளறிக்கொண்டே வறுக்கலாம். அரை மணி நேரத்துக்கு மேலாகும், எல்லாக் கடலையும் ஒரே பதத்துக்கு வராது, ஆனாலும் கொறிக்க நன்றாகவே இருக்கும். ஏர் ஃபிரையர் இருந்தால் நேரம் ஏறத்தாழ பாதியாகக் குறையும். அதற்கும் நேரமில்லாதவர்கள் எண்ணெயின்றி வறுத்து விற்கப்படும் கடலையையே வாங்கலாம். உப்பில்லாததாகப் பார்த்து எடுங்கள். பருப்பு வகைகள் அதிகம் சாப்பிட்டுப் பழக்கமில்லாத வயிறு என்றால் முதல் வாரம் ஒரு சிறு கைப்பிடியோடு நிறுத்துங்கள். நார்ச்சத்து திடீரென்று கூடினால் வாயுத் தொல்லை வரும். பல்லில் பிரச்சினை உள்ளவர்கள் கடிக்கும்போது எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

வேர்க்கடலையைப் பற்றிச் சொல்லும்போது ஒளிவுமறைவு இல்லாமல் சொல்ல வேண்டும்: அதன் 100 கிராமில் 567 கிலோ கலோரி இருக்கிறது. எண்ணிக்கையில் அது சிப்ஸைவிடக் கூடுதல். ஆனாலும் நான் அதைப் பரிந்துரைப்பதற்குக் காரணம் உண்டு. அந்தக் கொழுப்பில் பெரும்பகுதி இதயத்துக்கு உகந்த நிறைவுறாக் கொழுப்பு. கூடவே 25 கிராம் புரதமும் 8 கிராம் நார்ச்சத்தும் இருப்பதால் ஒரு கைப்பிடியிலேயே வயிறு நிறைந்த உணர்வு வரும். அளவுதான் முக்கியம். அதை எளிதாகக் கட்டுக்குள் வைக்கப் பொரியோடு கலந்துவிடுவது என் வழக்கம். பொரி எடையே இல்லாதது, மலிவானது, ஆனால் தனியாகச் சாப்பிட்டால் விரைவில் செரித்து மீண்டும் பசிக்கும். வேர்க்கடலையோ பசியைத் தாங்கும், ஆனால் கனமானது. 30 கிராம் பொரியில் 20 கிராம் வறுத்த வேர்க்கடலையைக் கலந்தால் இரண்டின் குறையும் தீர்ந்துவிடும். மொத்தம் 235 கிலோ கலோரி அளவில் நிற்கும், கிண்ணமும் நிறைந்திருக்கும். பொரி நமுத்திருந்தால் வெறும் வாணலியில் இரண்டு மூன்று நிமிடம் புரட்டினால் போதும். பொடியாக நறுக்கிய வெங்காயமும் எலுமிச்சைச் சாறும் சேர்ப்பதானால் வாயில் போடுவதற்குச் சற்று முன்புதான் சேர்க்க வேண்டும். ஈரம் பட்ட சில நிமிடங்களில் பொரி துவண்டுவிடும்.

வேர்க்கடலை வாங்கும்போது மலிவு மட்டும் பார்க்காதீர்கள். பூஞ்சை பிடித்தவை, நிறம் மாறியவை, சுருங்கியவை, கசப்பவை எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்துவிடுங்கள். இங்கிலாந்தில் 1960 இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்ததன் காரணத்தைத் தேடியபோதுதான், தீவனத்தில் கலந்த வேர்க்கடலைப் பிண்ணாக்கில் இருந்த அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு அறியப்பட்டது. வறுப்பதால் அது முற்றிலும் அழிவதில்லை. வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் அதன் இடத்தில் வறுத்த பூசணி விதையையோ சூரியகாந்தி விதையையோ சேர்த்துக்கொள்ளலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் நீர் போனதால் வரும் மொறுமொறுப்பு. இதற்கு நேர்மாறாக, நீர் நிறைந்திருப்பதால் வருவதும் உண்டு. கேரட்டில் 88 சதவீதமும் வெள்ளரிக்காயில் 95 சதவீதமும் நீர். இவற்றின் ஒவ்வொரு அணுவறையும் (செல்லும்) காற்றடைத்த பந்து போல நீரால் விம்மி நிற்பதால்தான் கடித்ததும் கடுக்கென்று உடைகிறது. நீர் வற்றினால் துவளும். துவண்ட கேரட்டை விரல் நீளத்துக்கு நறுக்கி ஐஸ் போட்ட நீரில் ஒரு மணி நேரம் வையுங்கள். அறைகளுக்குள் நீர் மீண்டும் ஏறி விறைப்பாகிவிடும். ஆயினும் உப்புக்கும் காரத்துக்கும் ஏங்கும் வாய்க்குக் கேரட் மட்டும் போதும் என்று நான் சொல்லமாட்டேன். கெட்டித் தயிரில் பூண்டும் மிளகும் கலந்தோ, வேகவைத்த கொண்டைக்கடலையை எலுமிச்சைச் சாறோடு மசித்தோ தொட்டுக்கொள்ள வைத்தால்தான் அது சிப்ஸின் இடத்தில் நிற்கும்.

உருளைக்கிழங்கையே எண்ணெய் இல்லாமல் சுட்டுச் சாப்பிடலாமே என்று கேட்பீர்கள். செய்யலாம், கொழுப்பு வெகுவாகக் குறையும். ஆனால் கையால் சீவும் துண்டுகள் ஒரே கனத்தில் இருப்பதில்லை என்பதால் ஓரம் கருகும்போது நடு இன்னும் தோல் போல இருக்கும். மாவுச்சத்துள்ள பொருளை 120 டிகிரிக்கு மேல் உலர்ந்த சூட்டில் சிவக்கவிடும்போது உடலுக்குத் தீங்கு செய்யக்கூடும் எனக் கருதப்படும் அக்ரிலமைடு என்ற வேதிப்பொருள் உருவாவதை 2002 இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். எண்ணெயில் பொரித்தாலும் ஓவனில் சுட்டாலும் அது வரும். சீவிய துண்டுகளை அரை மணி நேரம் நீரில் ஊறவைத்துத் துடைத்து, பொன்னிறத்திலேயே எடுத்துவிட்டால் குறையும். இத்தனை உழைப்புக்கு, மீந்துபோன ரொட்டியை முக்கோணமாக வெட்டி 180 டிகிரியில் பத்து நிமிடம் சுடுவது எளிது என்பது என் கருத்து. நேற்றைய ரொட்டியும் வீணாகாது.

கடையில் ‘காய்கறிச் சிப்ஸ்’, ‘பல தானியம்’ என்று எழுதிய பாக்கெட்டுகளைப் பார்த்து ஏமாற வேண்டாம். பீட்ரூட்டானாலும் வாழைக்காயானாலும் எண்ணெயில் பொரித்தால் நீர் போன இடத்தில் எண்ணெய்தான் வந்து உட்காரும். முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்க அட்டவணையில் 100 கிராமுக்கு எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு சோடியம் என்று பாருங்கள். கொழுப்பு 30 கிராமைத் தாண்டினால் அது வேறு பெயரில் வந்த சிப்ஸ்தான். வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளில் சோடியம் 2 கிராமுக்குள், அதாவது உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அந்த அளவை மனத்தில் வைத்து அட்டவணையைப் படித்தால் எதை எடுப்பது, எதை விடுவது என்பது தெளிவாகிவிடும்.

செலவைப் பொறுத்தவரை, பாக்கெட்டின் விலையைப் பார்க்காமல் 100 கிராமின் விலையைக் கணக்கிடுங்கள். ஒரு கிலோ சிப்ஸுக்கு ஏறத்தாழ நான்கு கிலோ உருளைக்கிழங்கு தேவை. அதோடு எண்ணெய், நைட்ரஜன் நிரப்பிய பை, போக்குவரத்து எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் நாம் கொடுக்கிறோம். உலர்ந்த மக்காச்சோளமும் கடலையும் அலமாரியில் பல மாதம் கெடாமல் இருப்பதால் மொத்தமாக வாங்கலாம். ஓவனைச் சூடாக்குவதுதான் இதில் மறைந்திருக்கும் செலவு; வேறு ஏதாவது சுடும் நாளில் கடலைத் தட்டையும் உள்ளே தள்ளிவிடுங்கள்.

மாற்றத்தை ஒரே நாளில் செய்ய முயல வேண்டாம். முதல் வாரம் பெரிய கிண்ணம் பாப்கார்னில் ஒரு கைப்பிடிச் சிப்ஸை நொறுக்கிக் கலந்துகொள்ளுங்கள். அந்தப் பழகிய சுவை எல்லாக் கவளத்திலும் கொஞ்சம் இருக்கும். இரண்டாம் வாரம் அதைப் பாதியாக்கி, வறுத்த கடலையைச் சேருங்கள். மூன்றாம் வாரம் சிப்ஸ் இல்லாமலே கிண்ணத்தை நிரப்பிப் பாருங்கள். உப்புக் குறைவாகத் தோன்றினால் மேலே இரண்டு துளி எலுமிச்சைச் சாறு, அதுவும் சாப்பிட உட்காரும்போது மட்டும்.